கினி பிக் அஜிலிட்டி செட்: மூணு மாசம் யூஸ் பண்ணினதுல டனல்தான் தேறுச்சு

எங்க வீட்ல ரெண்டு கினி பிக் இருக்கு, கடுகு, பஞ்சுன்னு பேரு, ரெண்டும் பொண்ணு, ஒன்றரை வயசு ஆகுது. ஏதோ வீடியோல கினி பிக் வளையத்துக்குள்ள பூந்து போறத பாத்துட்டு என் பொண்ணு நம்மளும் பழக்கலாம்மான்னு கேட்டுட்டே இருந்தா, அதான் ஆன்லைன்ல 1,650 ரூபா குடுத்து இந்த செட்ட வாங்கினேன். துணி டனல், ஸ்டாண்டோட ஒரு வளையம், தாண்டுறதுக்கு ரெண்டு பார், வளைஞ்சு வளைஞ்சு போக ஆறு குச்சி, சின்ன சீசா பலகை, கூடவே ஒரு பாக்கெட் ட்ரீட். முயல், கினி பிக், ஹாம்ஸ்டர் எல்லாத்துக்கும்னு டப்பா மேலயே போட்டிருக்கு, பிரச்சனையே அங்கதான்.

அந்த ட்ரீட்ட மொதல்ல சொல்லிடறேன், யோகர்ட் ட்ராப்ஸ், தயிரும் சர்க்கரையும் சேத்த குட்டி மிட்டாய் மாதிரி. கினி பிக் புல்லும் இலையும் தின்னு வாழுற ஜீவன், பாலும் சர்க்கரையும் அது வயித்துக்கு ஆகவே ஆகாது, பாக்கெட்ட பிரிக்காமலே தூக்கி போட்டுட்டேன். அதவிட கோவம் வந்தது உள்ள இருந்த பேப்பர பாத்துதான், பழக்கறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் பட்டினி போடுங்கன்னு எழுதியிருக்கு. தயவுசெஞ்சு யாரும் இத செய்யாதீங்க. அதோட குடல் நாள் பூரா ஓடிட்டே இருக்கணும், நின்னுச்சுன்னா உயிருக்கே ஆபத்து, காஞ்ச புல்லு எப்பவும் கூண்டுல இருக்கணும். வயிறு நிறைஞ்சிருந்தாலும் மல்லித்தழை கட்ட பிரிக்கிற சத்தம் கேட்டா வீக் வீக்னு கத்திட்டு ஓடி வரும், பழக்க அது போதும். பழக்கறப்ப நாங்க மல்லித்தழை, குடைமிளகா ரெண்டும்தான் குடுக்கறோம், நம்மள மாதிரியே அதுங்களுக்கும் வைட்டமின் சி உடம்புல தானா ஊறாது, குடைமிளகாய்ல அது நிறைய இருக்கு.

டனல் நெஜமாவே நல்லாருக்கு. இதோட காட்டு சொந்தங்க தென் அமெரிக்காவுல உயரமான புல்லுக்கு நடுவுல வழி போட்டு ஒளிஞ்சு ஒளிஞ்சு ஓடற ஜீவனுங்க, மேல மூடியிருந்தா அதுங்களுக்கு தைரியம் வந்துடும். ஆனா உள்துணி சரசரன்னு சத்தம் போடுது, கடுகு நாலு நாள் கிட்டயே வரல, நாங்களும் தள்ளல, ஓரமா போட்டு வாசல்ல ஒரு தழைய வச்சுட்டு விட்டுட்டோம், அஞ்சாவது நாள் தானா உள்ள போய் அந்தப் பக்கம் வெளிய வந்துச்சு. பஞ்சுக்கு நாங்க சொல்லியே குடுக்கல, ஒண்ணு போனா பின்னாடியே வரிசையா போற பழக்கம் இதுங்களுக்கு, கடுகு பின்னாடியே அதுவும் போயிடுச்சு. இப்ப வெளிய வந்ததும் ரெண்டும் நின்ன எடத்துலயே துள்ளி குதிக்குதுங்க, பாப்கார்ன் மாதிரி, சந்தோஷத்துல பண்றது அது, பாக்கறப்ப மனசு நிறைஞ்சு போகுது. உள்ளயே மூத்திரம் போகும், துவைச்சு காய போட முடியுது, துணிக்குள்ள இருக்கற கம்பியோட முனை மட்டும் துணிய கிழிச்சுட்டு வெளிய வருதான்னு அப்பப்ப பாருங்க.

பார்தான் பெரிய ஏமாற்றம். ஸ்கேல் வச்சு அளந்தேன், பார மாட்டுற அடி துளையே தரையில இருந்து 10 சென்டிமீட்டர், முயலுக்கு அது ஒண்ணுமே இல்ல, இந்த குட்டை காலுக்கு ரொம்ப உயரம். நீளம் தாண்டுறதுல கினி பிக் கின்னஸ் சாதனை 48 சென்டிமீட்டர், 2012ல ஸ்காட்லாந்துல ட்ரஃபிள்ஸ்னு ஒண்ணு தாண்டுச்சு, அதனால முடியாதுன்னு சொல்லல, ஆனா வீட்டு கினி பிக்க எடுத்தவுடனே அப்படி குதிக்க வைக்கக் கூடாது. நாங்க ரெண்டு நோட்டு மேல ஒரு பென்சில வச்சு 3 சென்டிமீட்டர்ல ஆரம்பிச்சோம், இப்பவும் 5க்கு மேல ஏத்தல.

வளையத்த தரைய தொடற மாதிரி வச்சு நடந்து போக விட்டா நாலஞ்சு நாள்ல புரிஞ்சுக்கிச்சு, ஸ்டாண்டு லேசா இருக்கறதால ரெண்டு தடவ சாஞ்சுச்சு, அடில கல்லு வச்சு கட்டினேன். குச்சிங்கள சுத்தி வர வைக்க மூணு வாரம் ஆச்சு. கண்ணு ரெண்டும் பக்கவாட்டுல இருக்கறதால மூக்குக்கு நேரா நீட்டுற தழை அதுக்கு தெரியாது, கொஞ்சம் சைடுல காட்டணும், இது புரிஞ்சப்பறம்தான் எங்களுக்கே வேல சுலபமாச்சு. சரியா பண்ணின அந்த நொடியே நாக்கால ஒரு சொடக்கு, உடனே தழை. பழக்கறதுக்குன்னே விக்கிற, அமுக்கினா டிக்னு சத்தம் போடுற கிளிக்கருக்கு ரெண்டும் மிரண்டுச்சு. ஒரு நேரத்துக்கு அஞ்சு நிமிஷம்தான், திரும்பி படுத்துக்கிச்சுன்னா அன்னைக்கு அவ்ளோதான்.

சீசா பலகைய நான் தரவே மாட்டேன். கொஞ்ச உயரத்துல இருந்து விழுந்தாலே முதுகெலும்பு, காலு அடிபடற ஜீவனுக்கு ஆடுற பலகை எதுக்கு?

எங்க மொசைக் தரைல கால் வழுக்குது, சாயம் போடாத கோரைப்பாய் விரிச்சோம், நல்ல பிடிப்பு, ஓரத்த கடிச்சாலும் பயமில்ல. மே மாசம் முழுக்க நிறுத்திட்டோம், 30 டிகிரி தாண்டினா இதுங்களுக்கு ஹீட் ஸ்ட்ரோக் வர்ற ஆபத்து இருக்கு, இப்ப காலைல ஆறு மணிக்குத்தான்.

அஞ்சுக்கு ரெண்டரை ஸ்டார். டனல் தனியா கிடைச்சா அத மட்டும் வாங்குங்க, செட்டுதான் வேணும்னா பாரோட அடி உயரம் எத்தனை சென்டிமீட்டர்னு கேட்டுட்டு ஆர்டர் போடுங்க, எங்களுக்கு வந்த டப்பால அது எங்கயுமே போடல.