நெல்லை ஸ்டுடியோவுக்கு ஜிம்ப் போதுமா?

கல்யாண ஆல்பம் போடுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது மென்பொருளின் பெயரை அல்ல, கணினியின் ரேமை. 12க்கு 36 அங்குலத் தாளை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) திறந்தால் 3600க்கு 10800 பிக்சல். 8 பிட் நிறத்தில் ஒரு லேயரே (படத்தின் ஒரு அடுக்கு) சுமார் 117 எம்பி பிடிக்கும். பத்து லேயர் வைத்தால் 1 ஜிபியைத் தாண்டும். 8 ஜிபி லேப்டாப் திணறுவது இதனால்தான். 16 ஜிபி போட்டுவிடுங்கள்.

படம் திருத்தும் மென்பொருளான ஜிம்ப் இலவசம். 2025இல் வந்த 3.0 பதிப்பில், போட்ட ஃபில்டரைப் பின்னாலும் திருத்தலாம். வெகுநாள் குறை அது, தீர்ந்ததில் பெரிய நிம்மதி. தமிழ் யூனிகோடு எழுத்தும் ஒழுங்காக விழுகிறது. போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் மணமக்கள் பெயரில் கொம்பு இடம் மாறி நின்றால், ப்ரிஃபரன்ஸில் டைப் பகுதிக்குப் போய் 'வேர்ல்ட் ரெடி' லேஅவுட்டைத் தேர்ந்தெடுத்துப் புது ஃபைல் திறக்க வேண்டும். சந்தா கட்டுகிற மென்பொருளில் இந்த அலைச்சல் இருந்திருக்கக் கூடாது. ஆனால் முடியோரம் துல்லியமாக வெட்டி எடுப்பதில் போட்டோஷாப்தான் இன்னமும் முந்தி நிற்கிறது.

நெல்லையப்பர் கோயில் பிரகாரத்தில் விளக்கொளியில் எடுத்த படம் மஞ்சள் பூத்திருக்கும். ரா ஃபைலாக (கேமரா பதிந்த மூலத் தரவு) இருந்தால், அதைத் திருத்தும் மென்பொருளான டார்க்டேபிளில் திறந்து, வெள்ளை வேட்டியைக் காட்டி ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகவே தெரிய வைக்கும் நிறச் சமன்) எடுங்கள். ஜரிகைக் கரையைத் தொட வேண்டாம், நீலம் ஏறிவிடும். டார்க்டேபிளும் இலவசம். திருத்தங்கள் தனி எக்ஸ்எம்பி ஃபைலில் இருப்பதால், படத்தை மட்டும் பென்டிரைவில் கொண்டுபோனால் அடுத்த கணினியில் ஒன்றும் இருக்காது. பிரிண்ட் லேபுக்குக் கொடுக்கும்போது எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற முறையில் ஜேபெக்காக எடுங்கள்.