கில்ட் வாடகைக்கு எடுத்தேன், ஸ்போரனை விலைக்கு வாங்கினேன்

எடின்பரோவில் என்னுடன் வேலை பார்க்கும் நண்பருக்குச் சென்ற செப்டம்பரில் பிட்லோக்ரி என்ற ஊருக்குப் பக்கத்தில் திருமணம். ஆண்கள் கில்ட், அதாவது ஸ்காட்லாந்து ஆண்கள் அணியும் பாவாடை போன்ற கம்பளி உடை, அணிந்து வந்தால் மகிழ்வோம் என்று அழைப்பிதழில் அச்சிட்டிருந்தார்கள். வேட்டி கட்டி வளர்ந்தவன் நான். இடுப்பில் துணி நிற்குமா என்ற பயம் எனக்கு இல்லை. அதனுடன் எதை, எங்கே அணிவது என்பதுதான் தெரியவில்லை.

நல்ல கில்ட்டுக்கு எட்டு கெஜம் கம்பளித் துணி பிடிக்கும்; ஒரு நாளுக்காக வாங்க மனம் வரவில்லை. நகரத்தில் ஒரு வாடகைக் கடையில் முழு உடையும் ஒரே பையில் கிடைத்தது. பிளாக் வாட்ச் எனப்படும் கட்டம் போட்ட கில்ட்டிலும் சாம்பல் நிறக் கோட்டிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. மற்றவைதான் ஏமாற்றிவிட்டன. முன்னால் தொங்கும் ஸ்போரன் பையின் முகப்பு ரோமம் கை பட்ட இடமெல்லாம் உதிர்ந்தது, சங்கிலிக் கொக்கியில் துரு. செயற்கை இழைக் காலுறை பத்தடி நடப்பதற்குள் கணுக்காலுக்கு இறங்கிவிட்டது. இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொந்தமாக வாங்க முடிவு செய்தேன்.

ஸ்போரன் என்பது கில்ட்டின் முன்பக்கம் தொங்கும் பை. கேலிக் மொழியில் அந்தச் சொல்லுக்குப் பணப்பை என்றே பொருள். கில்ட்டில் சட்டைப்பை மாதிரி எதுவும் கிடையாது என்பதால் சாவி, காசு, கைபேசி எல்லாம் அதற்குள்தான் போக வேண்டும். வெற்றிலை பாக்கை வைத்து என் தாத்தா இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பை எனக்கு உடனே நினைவுக்கு வந்தது. வேலை ஒன்றுதான். அவர் மடிக்குள் மறைத்து வைத்தார். ஸ்காட்லாந்துக்காரர்கள் எல்லோரும் பார்க்கும்படி நடுவில் தொங்கவிடுகிறார்கள். அதனால்தான் அதில் காசை மிச்சம் பிடிக்கக் கூடாது என்கிறேன்.

ராயல் மைல் தெருவில் சுற்றுலாப் பயணிகளுக்காக அடுக்கி வைத்திருந்தவற்றைத் தொட்டுப் பார்த்தேன். தோல் காகிதம் போல இருந்தது. கிராஸ்மார்க்கெட் பக்கம் பழைய உடைகள் விற்கும் ஒரு சிறிய கடையில்தான் என்னுடையது கிடைத்தது. நாற்பத்தைந்து பவுண்டு. கறுப்புத் தோல், மூடியில் பின்னல் கோலம் கையால் அழுத்திப் பதித்தது, முன்னால் மூன்று தோல் குஞ்சங்கள். கடைக்காரர் அதைப் புரட்டிப் பின்பக்கத் தையலைக் காட்டினார். ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒரே துளைக்குள் இரண்டு பக்கமிருந்தும் செலுத்தித் தைத்தது அது. ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மற்றத் தையல் பிரியாது என்றார். நகத்தால் நெம்பிப் பார்த்தேன், அசையவில்லை. மூடியைத் திறந்தால் பழைய தோலும் மெழுகும் கலந்த வாசனை. என் கைபேசி அளவெடுத்தது போல உட்கார்ந்தது.

அதே கடையில் வெள்ளி விளிம்பும் சீல் என்ற கடல் விலங்கின் தோலும் கொண்ட ஒன்றும் இருந்தது, விலை மூன்று மடங்கு. சீல் பொருட்களின் வணிகத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் கட்டுப்பாடு கொண்டுவந்தது. எனக்கும் அந்தத் தோலை அணிய விருப்பமில்லை. தவிர, அது மாலை விருந்துக்கான கறுப்புக் கோட்டுடன் அணிவது. பகல் திருமணத்துக்கும் முரட்டுக் கம்பளிக் கோட்டுக்கும் சாதாரணத் தோல்தான் பொருத்தம். இடுப்பு வார், ஸ்போரன், காலணி மூன்றின் தோலும் ஒரே நிறமாக இருக்கட்டும். பழுப்பும் கறுப்பும் கலந்தால் கண்ணை உறுத்துகிறது.

காலுறை புதிதாகவே வாங்கினேன், கெட்டியான கம்பளி, இருபத்திரண்டு பவுண்டு. வெள்ளை வேண்டாம், சாம்பலோ கரும்பச்சையோ எடுங்கள், கில்ட்டின் நிறம் எடுப்பாகத் தெரியும். மேல்பகுதியை மடித்துவிட்டால் முட்டிக்குக் கீழே மூன்று விரல் இடைவெளி இருக்க வேண்டும். மடிப்புக்குள் ஒரு பட்டியைக் கட்டி, அதில் தொங்கும் சிறு துணி நாடாக்கள் காலின் வெளிப்பக்கம் எட்டிப் பார்க்கும்படி விடுவார்கள். நாடாவுக்கு வாடகைக் கடையுடையதே போதும்.

வலக்காலுறையில் செருகும் சிறு கத்தி ஸ்கியன் டூ. வாடகைப் பையில் இருந்தது வெறும் பிளாஸ்டிக் பிடி, அலகே இல்லை. திருமண நாள் காலையில் நண்பரின் அப்பா அதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய், மான்கொம்புப் பிடி போட்ட தன்னுடைய கத்தியை எடுத்து வந்து என் காலுறையில் செருகினார். தேசிய உடையின் பகுதியாக அணிந்தால் ஸ்காட்லாந்துச் சட்டம் இதை அனுமதிக்கிறது. விமானத்தில் வருபவர்கள் கைப்பையில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

நான் ஸ்போரனை மிகவும் தாழ்வாகத் தொங்கவிட்டிருந்தேன். நண்பரின் அப்பா தன் உள்ளங்கையை என் இடுப்பு வாருக்குக் கீழே வைத்து, அந்த அகலத்துக்கு மேல் இறங்கக் கூடாது என்று சங்கிலியில் இரண்டு கண்ணி குறைத்தார். கண்ணாடியில் பார்த்தேன். அதே உடைதான், ஆனால் வேறு ஆளாகத் தெரிந்தேன். கில்ட்டின் முன்பக்கம் குத்தும் ஊசியையும் அவரே சரி செய்தார். நான் முன்மடிப்பு இரண்டையும் சேர்த்துக் குத்தியிருந்தேன். மேல் மடிப்பில் மட்டும்தான் குத்த வேண்டுமாம். சேர்த்துக் குத்தினால் நடக்கும்போது துணி இழுபட்டுக் கிழியும்.

மாலையில் கெய்லி (ceilidh) எனப்படும் ஸ்காட்லாந்துக் குழு நடனம். சுற்றிச் சுற்றி ஆடும்போது ஸ்போரன் தொடையில் மோதிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் ஆடியவர் தன்னுடையதை இடுப்பின் பக்கவாட்டுக்குத் திருப்பிக்கொண்டதைப் பார்த்து நானும் அப்படியே செய்தேன். மூன்று மணி நேர ஆட்டத்தில் ஒரு குஞ்சம்கூட அறுந்து விழவில்லை, கைபேசியும் உள்ளேயே பத்திரமாக இருந்தது.

வாடகைக்கு வந்த கில்லி காலணிக்கு நாக்குக் கிடையாது. நீளக் கயிற்றை முறுக்கிக் கணுக்காலுக்கு மேல் சுற்றி முடிச்சுப் போட வேண்டும். வழுவழுப்பான கயிறு நடனத்தில் இரண்டு முறை அவிழ்ந்தது. பருத்திக் கயிறு மாற்றிக்கொண்டு போங்கள், இரட்டை முடிச்சுப் போடுங்கள்.