குஞ்சத்தில் இருந்தது காட்டன், சேலையில் இருந்தது வேறு

சேலத்தில் வெயில் ஏற ஆரம்பித்தால், முகூர்த்தம் இல்லாத நாட்களில் கல்யாண மண்டபங்களில் துணி வியாபாரம் களைகட்டும். ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு, ‘மாபெரும் கைத்தறிக் கண்காட்சி, பாதி விலை, பத்தே நாட்கள்’ என்று தெருத்தெருவாக வருவார்கள். இந்தச் சித்திரையில் அப்படி ஒன்றுக்குப் போய் 4,850 ரூபாயைத் தொலைத்தேன். பணம் போனதைவிட, நான் போய் ஏமாந்தேனே என்பதுதான் உறுத்துகிறது. அம்மாபேட்டையில் தறிச் சத்தத்தில் தூங்கி வளர்ந்தவள் நான். என் அத்தை நாற்பது வருஷம் தறிக்குத் தார் சுற்றியவர், அதாவது ஊடை நூலைக் குழலில் சுற்றிக் கொடுக்கிற வேலை. ஊரோ, மாநிலப் பட்டு வளர்ச்சித் துறையின் தலைமை அலுவலகமும், 1960லிருந்து கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனமும் இருக்கிற ஊர். இங்கே உட்கார்ந்துகொண்டு பாலியஸ்டரைப் பட்டு என்று வாங்கி வந்திருக்கிறேன்.

அப்பாவுக்கு எழுபது முடிவதால் வீட்டில் பீமரத சாந்தி ஏற்பாடு. அவருக்கு ஒரு வெண்பட்டு வேட்டி, அங்கவஸ்திரம் எடுக்க வேண்டும். சேலத்து வெண்பட்டு புவிசார் குறியீடு வாங்கியது. நம் ஊர் மாப்பிள்ளைகள் மணவறையில் உட்காருவதே அதைக் கட்டிக்கொண்டுதான். வழக்கமாக எடுக்கிற இடம் இருக்கிறது. ஆனால் பாதி விலை என்ற வார்த்தை காதில் விழுந்த பிறகு கால் அந்தப் பக்கம் போகவில்லை.

மண்டபத்துக்குள் நல்ல கூட்டம். மேசைமேல் மலையாகக் குவித்த சேலைகள், சுவரில் தறியின் பெரிய படம், ராட்டை சுற்றும் பாட்டி படம். விற்ற பையன் வாய்க்கு வாய் அக்கா போட்டான். “தொட்டுப் பாருங்கக்கா, அசல் செட்டிநாடு காட்டன்.” தொட்டேன். மொடமொடவென்று கஞ்சி போட்ட மாதிரி இருந்தது. எனக்கும் கொஞ்சம் விவரம் தெரியும் என்று காட்டிக்கொள்ள, “நூல் கொளுத்திக் காட்டு தம்பி” என்றேன். அவன் அசரவே இல்லை. முந்தியில் தொங்கிய குஞ்சத்திலிருந்து ஓர் இழையைக் கிள்ளி லைட்டரைக் காட்டினான். காகிதம் மாதிரி எரிந்து, சாம்பலாகி உதிர்ந்தது. பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் அதைப் பார்த்துவிட்டு ஆளுக்கு இரண்டு எடுத்தார்கள். நானும் எடுத்தேன்.

குஞ்சம் என்பது நெய்து முடித்த பிறகு தனியாக நூல் வைத்துக் கட்டுகிற வேலையாகவும் இருக்கலாம். அந்த நூலுக்கும் சேலைக்கும் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை. இது எனக்குத் தெரியாத விஷயமும் இல்லை. அந்த நேரத்தில் உறைக்கவில்லை, அவ்வளவுதான்.

சேலை இரண்டு, 900 வீதம். வேட்டியும் அங்கவஸ்திரமும் சேர்த்து 2,400. ‘ப்யூர் காட்டன்’ என்று ஒரு குர்தி 650. லேபிள் விலையெல்லாம் இதற்குச் சரியாக இரண்டு மடங்கு. பில் கேட்டபோது வெள்ளைத் தாளில் ‘சாரி 2, வேட்டி செட் 1, டாப்ஸ் 1’ என்று கிறுக்கிக் கொடுத்தார்கள். மேலே ‘எஸ்டிமேட்’ என்று அச்சடித்திருந்தது. கடைப் பெயர் இல்லை, முகவரி இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை. கீழே மட்டும் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

முதல் சந்தேகம் வந்தது ஏற்காட்டில். மே மாதம், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போனோம். நான் அந்தப் புதுச் சேலையில் ஒன்றைக் கட்டியிருந்தேன். சேர்வராயன் கோயில் பக்கம் இறங்கி நடக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடமில்லை, எல்லோரும் தொப்பலாக நனைந்தோம். அப்புறம் ஒரு கடையில் ஒதுங்கி மிளகாய் பஜ்ஜி, டீ. இரண்டாவது தட்டு பஜ்ஜி வருவதற்குள் என் சேலை காய்ந்துவிட்டது. என் வீட்டுக்காரரின் பழைய காட்டன் சட்டையோ அடிவாரம் வந்து சேரும் வரை உடம்போடு ஒட்டிக்கொண்டு ஈரமாகவே இருந்தது. “உன் சேலை பரவாயில்லையே” என்றார் அவர். எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. பருத்தி அப்படிக் காயாது. காற்றில் இருக்கிற ஈரத்தையே தன் எடையில் எட்டு சதவீதம் அளவுக்கு இழுத்து வைத்துக்கொள்ளும் நூல் அது. பாலியஸ்டர் அரை சதவீதம்கூட இழுக்காது. அதன்மேல் தண்ணீர் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் போய்விடும்.

சேலம் வெயிலில் இதே குணம்தான் வேறு மாதிரி படுத்தும். வேர்வையை வாங்காத துணிக்குள் பத்து நிமிஷம் நின்றால் முதுகில் ஓடை ஓடும். சாயங்காலம் கழற்றும்போது ஒரு வாடை வரும் பாருங்கள், எத்தனை சோப்பு போட்டாலும் அக்குளில் அது நிரந்தரமாகத் தங்கிவிடும்.

சேலைதானே போகட்டும் என்று விட்டுவிட்டேன். வேட்டியை அப்போதே பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

வைகாசியில் விசேஷம். ஹோமத்தில் சமித்து வெடித்து ஒரு பொறி அப்பா மடியில் விழுந்தது. பட்டாக இருந்தால் கருகி, மயிர் பொசுங்கின நாற்றம் வந்து, தானே அணைந்திருக்கும். பட்டும் தலைமுடி மாதிரி புரதம்தான். இது அப்படி அணையவில்லை. உருகிற்று. வேட்டியில் மிளகு அளவு ஓட்டை, ஓட்டையைச் சுற்றிக் கறுப்பாகக் கெட்டி விளிம்பு. உருகின சொட்டு அப்பாவின் தொடையில் ஒட்டிக்கொண்டது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், மந்திரம் நடக்கும்போது எழுந்திருக்கக் கூடாது என்று. சின்னக் கொப்புளம்தான், ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. ஆனால் இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். பருத்தியும் தீப்பிடிக்கும், சீக்கிரமே பிடிக்கும், இல்லை என்று சொல்லவில்லை. செயற்கை நூல் உருகித் தோலோடு ஒட்டும் என்பதுதான் கூடுதல் ஆபத்து. ஹோம குண்டத்துக்கு முன்னால் உட்கார வைக்கிறவருக்கு வாங்கும் வேட்டியில் பொய் சொல்லி விற்கிறார்கள்.

அன்று சாயங்காலம், பந்தி எல்லாம் முடிந்த பிறகு அத்தை எல்லாத் துணியையும் எடுத்து வரச் சொன்னார். அப்பாவுக்கு அக்கா அவர், வயது எழுபத்தெட்டு. கண் மங்கல், விரல் மட்டும் இன்னும் கூர்மை. வேட்டியைத் தடவிப் பார்த்துவிட்டு, “என்ன விலைக்கு எடுத்த கண்ணு?” என்றார். சொன்னேன். “இந்தக் காசுக்கு இத்தனை கஜத்துக்குப் பட்டு நூலே வராதே. நெய்யறவன் கூலி எங்க போச்சு?” என்றார். என்னிடம் பதில் இல்லை.

அப்புறம் சேலை. விளிம்பில் உட்பக்கமாக ஊசியால் நெம்பி, நீளவாக்கில் ஓடும் பாவில் ஓர் இழை, குறுக்கே ஓடும் ஊடையில் ஓர் இழை எடுத்தார். தனித்தனியாக விளக்கில் காட்டினார். ஊடை காகிதமாக எரிந்தது. பாவு நெருப்பைக் கண்டதும் சுருண்டு, கறுப்புப் புகை விட்டு, கடுகு மாதிரி உருண்டையாகிவிட்டது. நகத்தால் நசுக்கினால் நசுங்கவில்லை. நீளவாக்கில் பாலியஸ்டர், குறுக்கே பருத்தி. ஊடையில் மட்டும் ஓர் இழையைக் கொளுத்திப் பார்க்கிறவர் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

குர்தியில் இரண்டு பக்க நூலும் சமத்தாக எரிந்து சாம்பலானது. அப்பாடா, இதுவாவது தப்பித்தது என்று நினைத்தேன். அத்தை இன்னோர் இழையை எடுத்து நாக்கில் நனைத்து இழுத்தார். பட்டென்று அறுந்தது. காய்ந்த இழையோ இழுத்தாலும் தாங்கியது. “பஞ்சு நூலு நனைஞ்சா பலம் ஏறும் கண்ணு. இது நனைஞ்சா செத்துப் போவுது.” ரேயான். மரக்கூழிலிருந்து எடுக்கிற நூல் என்பதால் நெருப்புச் சோதனையில் பருத்தி மாதிரியே நடிக்கும். ரேயானை ரேயான் என்று சொல்லி விற்றால் எனக்கு மறுப்பில்லை, விழுகிற விதம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் நாலாவது துவையலில் முன்பக்கம் ஒரு நீளம், பின்பக்கம் ஒரு நீளம். பிழிந்து கொடியில் போட்டால் தண்ணீர்க் கனத்திலேயே இழுத்துக்கொண்டு தொங்கும். இப்போதைக்கு எனக்குப் பிடிக்காத துணிகளில் முதல் இடம் அதற்குத்தான்.

பாலியஸ்டரை முழுக்கத் திட்டவும் மனசு வரவில்லை. பள்ளிக்கூடச் சீருடைக்கு, பாலியஸ்டரும் பருத்தியும் கலந்த டெரிகாட்டனை அடித்துக்கொள்ள ஆளில்லை. சாயம் போகாது, இஸ்திரி கேட்காது, பையன் வளர்ந்து தம்பிக்குக் கொடுத்தாலும் கிழியாது. காலரிலும் இடுப்பிலும் பொடிப்பொடி உருண்டையாக நூல் திரளும், அவ்வளவுதான். இளம்பிள்ளைப் பக்கம் ‘சாஃப்ட் சில்க்’ என்று நெய்து அதற்குத் தகுந்த விலையில் விற்கிறார்கள், வாங்குகிறவர்களும் தெரிந்தே வாங்குகிறார்கள். அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. என் வேட்டியின் லேபிளைத் திருப்பிப் பார்த்தபோது பொடி எழுத்தில் ‘ஆர்ட் சில்க்’ என்று இருந்தது. ஆர்ட் என்றால் ஏதோ கலைநயம் என்று நினைத்துக்கொள்கிறோம். செயற்கை என்பதன் சுருக்கம் அது.

எனக்குப் பிடித்தது என்று கேட்டால் 80 நம்பர் நூலில் நெய்த பருத்திச் சேலை. நம்பர் ஏற ஏற நூல் மெல்லிசு. 100, 120 இன்னும் மிருது, ஆனால் தினமும் பஸ்ஸில் ஏறி இறங்குகிற எனக்கு அது தாங்காது. 80 நம்பர் சேலை முதல் மூன்று துவையல் வரை முரண்டு பிடிக்கும். பத்தாவது துவையலுக்கு மேல் உடம்பைத் தெரிந்துகொள்ளும். ஐந்து வருஷம் கழித்து, மடிப்பிலும் குதிகால் படும் ஓரத்திலும் நைந்து போன பிறகு, பிள்ளைக்குத் தூளி, அதற்கும் பிறகு அடுப்படித் துணி. லினன் எனக்குச் சரிப்படவில்லை, உட்கார்ந்து எழுந்தால் ஏதோ சண்டை போட்டுவிட்டு வந்தவள் மாதிரி ஆகிவிடுகிறது. பட்டு வருஷத்துக்கு நாலு நாள். அதையும் ஒரே மடிப்பில் வைத்தால் மடிப்போடு விண்டுவிடும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தரம் மாற்றி மடிக்க வேண்டும். வெண்பட்டை வெயிலில் காயப் போட்டால் மஞ்சள் அடிக்கும்.

சரி, பணத்தைத் திரும்ப வாங்க முடிந்ததா என்றால், இல்லை. மண்டபத்துக்குப் போனால் வேறு யாருக்கோ வளைகாப்பு நடந்துகொண்டிருந்தது. மேனேஜர், “வாடகை வாங்கினோம், அவங்க யாரு எவருன்னு எங்களுக்கு எப்படிங்க தெரியும்” என்றார். பையன் கொடுத்த எண் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. 1915, தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைத்தேன், பொறுமையாகக் கேட்டார்கள். கடைப் பெயர் என்ன, முகவரி என்ன, பில் இருக்கிறதா என்று கேட்டபோது என் கையில் இருந்தது அந்த வெள்ளைத் தாள்.

பில் இருந்திருந்தால் கதை வேறு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் கணக்கு. ‘திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று எவ்வளவு பெரிய எழுத்தில் அச்சடித்தாலும் சட்டம் அதற்கு மேலே. இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது. ஆனால் யார்மேல் போடுவது?

அதனால் போகிறவர்கள் தயவுசெய்து பில்லில் கடைப் பெயர், ஜிஎஸ்டி எண்ணோடு ‘100% பருத்தி’ அல்லது ‘தூய பட்டு’ என்று துணியின் பெயரையும் எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்கினால் அங்கேயே விஷயம் தெரிந்துவிடும். பட்டு என்றால் சில்க் மார்க் சீட்டைக் கேளுங்கள். மத்தியப் பட்டு வாரியம் 2004இல் கொண்டுவந்த முத்திரை அது, சீட்டில் எண்ணும் ஹோலோகிராமும் இருக்கும். கைத்தறி என்றால் 2006லிருந்து கைத்தறி முத்திரை இருக்கிறது. நூல் கொளுத்திக் காட்டுகிறேன் என்றால் குஞ்சத்தைத் தொடவிடாதீர்கள், பாவிலும் ஊடையிலும் நீங்களே எடுங்கள்.

அப்பாவுக்கு ஆடிக்கு வழக்கமான இடத்தில் வேறு வேட்டி எடுத்துவிட்டேன், முத்திரைச் சீட்டோடு. அந்தப் பழைய வேட்டி இப்போது ஸ்கூட்டருக்குப் போர்வை. வெயில், மழை எதற்கும் அசரவில்லை, அந்த ஓட்டைகூடப் பெரிதாகவில்லை.

இன்று காலை பேப்பருக்குள் ஒரு நோட்டீஸ் இருந்தது. வேறு மண்டபம், அதே ராட்டை சுற்றும் பாட்டி படம், அதே பாதி விலை. அத்தையிடம் காட்டினேன். “ஞாயித்துக்கெழம போலாம் கண்ணு, என்னயும் கூட்டிட்டுப் போ” என்று சொல்லிவிட்டு, சுருக்குப்பையில் தீப்பெட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டார்.