குரும்பப்பட்டியா, ஏற்காடா?

குடும்பத்தோடு ஒருநாள் வெளியே போக சேலத்துக்காரர்களுக்கு இரண்டு வழி: மலையடிவாரத்தில் குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா, மலைமேல் ஏற்காடு அண்ணா பூங்கா.

ஏற்காட்டில் காற்றே வேறு. பக்கத்திலேயே ஏரி, படகு. ஆனால் சேலத்திலிருந்து ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். எட்டாவது வளைவிலேயே எங்கள் சின்னவளுக்கு வாந்தி வந்துவிடும். எலுமிச்சம்பழம் இல்லாமல் நாங்கள் ஏறுவதே இல்லை. மே மாதக் கோடை விழா சமயத்தில் போனால், வண்டி நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போய்விடும்.

குரும்பப்பட்டியில் வளைவும் இல்லை, குளிரும் இல்லை. புள்ளிமான், மயில் பார்த்துக்கொண்டே நடக்கலாம்; அரைநாள் போதும். வெயில் ஏறும் முன் போய்விடுங்கள். அப்புறம் திரும்பும்போது தட்டுவடை செட்!

பாட்டியும் கைக்குழந்தையும் வருகிறார்களா? என் ஓட்டு அடிவாரத்துக்கே. பிள்ளைகள் வளர்ந்துவிட்டால் சரி, விடியற்காலையில் மலையேறுங்கள்.