பெட்டியில் 3200, லேப்டாப்பில் 2400: எந்த ரேம் வாங்கலாம்?

மகள் கட்டிடக்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவளுடைய லேப்டாப்பில் ரைசன் 5 5500யூ ப்ராசஸர், 8 ஜிபி ரேம். தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது, அதனால் அந்த 8 ஜிபியிலேயே ஒரு பங்கை கிராபிக்ஸ் எடுத்துக்கொள்ளும். ஸ்கெட்ச்அப் என்ற 3டி வரையும் மென்பொருளில் ஒரு வீட்டைத் திறந்துவைத்து, பக்கத்தில் குரோமில் பத்து டேப் இருந்தால் போதும், திரை நின்று நின்றுதான் நகரும். அடி மூடியைக் கழற்றிப் பார்த்தேன். இரண்டு ஸ்லாட், ஒன்று காலி.

முதல் கேள்வி, இருக்கும் 8 ஜிபியை எடுத்துவிட்டு ஒரே 16 ஜிபி ஸ்டிக் போடுவதா, இல்லை இன்னொரு 8 சேர்ப்பதா? இதில் நான் அதிகம் யோசிக்கவில்லை. 3200 என்பது ரேமின் வேகம், நொடிக்கு 3200 மில்லியன் முறை தரவைக் கடத்தும் என்று அர்த்தம். ஒற்றை ஸ்டிக் அந்த வேகத்தில் நொடிக்கு 25.6 ஜிபி வரை கடத்தும். இரண்டு ஸ்லாட்டிலும் ஸ்டிக் இருந்தால் டூயல் சேனல், அதாவது இரண்டு பாதையிலும் ஒரே நேரத்தில் கடத்தும், அது 51.2 ஜிபி. கிராபிக்ஸும் இதே ரேமை நம்பி ஓடுகிற லேப்டாப்பில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். இன்டெல் ஐரிஸ் எக்ஸ்இ கிராபிக்ஸ் உள்ள சில லேப்டாப்களில் ஒற்றை ஸ்டிக் மட்டும் இருந்தால் விண்டோஸ் அதை ஐரிஸ் என்றே காட்டாது, யூஎச்டி கிராபிக்ஸ் என்றுதான் காட்டும். நாளைக்கு 32 ஜிபி ஆக்கும் திட்டம் உறுதியாக இருந்தால் மட்டும் ஒற்றை 16 வாங்கலாம்.

இரண்டாவது கேள்வியில்தான் எனக்கு அடி. கேமிங் ரேமா, சாதாரண ரேமா?

கடையில் இரண்டையும் காட்டினார்கள். இரண்டிலும் 3200 என்றுதான் போட்டிருந்தது. கேமிங் ஸ்டிக்கில் சிஎல்16, சாதாரண ஸ்டிக்கில் சிஎல்22. சிஎல் என்பது கேட்ட தரவைக் கொடுக்கும் முன் ரேம் எத்தனை சுற்று காத்திருக்கும் என்ற எண். அது குறைவாக இருந்தால் நல்லது என்று படித்திருந்ததால் கேமிங் ஸ்டிக்கையே வாங்கிவந்து போட்டேன். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போய்ப் பார்த்தால், வேகம் 2400! புது ஸ்டிக் மட்டுமல்ல, நேற்றுவரை 3200-இல் ஓடிக்கொண்டிருந்த பழைய ஸ்டிக்கும் 2400-க்கு இறங்கியிருந்தது. இரண்டில் எது மெதுவோ அதன் வேகத்துக்குத்தான் இரண்டும் ஓடும். நொடிக்கு 51.2 ஜிபி கிடைக்க வேண்டிய இடத்தில் 38.4. நாலில் ஒரு பங்கு போயிற்று.

காரணம் இதுதான். ஒவ்வொரு ஸ்டிக்கிலும் எஸ்பிடி என்று ஒரு குட்டிச் சிப் உண்டு. லேப்டாப் ஆன் ஆகும்போது, ‘நான் இந்த வேகத்தில் ஓடுவேன், எனக்கு இத்தனை வோல்ட் வேண்டும்’ என்ற பட்டியலை பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள்) அதிலிருந்து படித்துக்கொள்ளும். அந்தப் பட்டியலில் இரண்டு பகுதி இருக்கலாம். ஒன்று, ஜெடெக் என்ற தர அமைப்பு வகுத்த வேகங்கள். இந்த லேப்டாப்பில் உள்ள டிடிஆர்4 வகை ரேமுக்கு அது 1.2 வோல்ட், அந்த வகை ரேம் போடும் எந்த லேப்டாப்பும் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொள்ளும். இன்னொன்று, எக்ஸ்எம்பி என்ற கூடுதல் பகுதி. இதை பயாஸுக்குள் போய் நாமே ஆன் செய்ய வேண்டும், பெரும்பாலும் 1.35 வோல்ட் கேட்கும். டெஸ்க்டாப் பயாஸில் அந்த வசதி சாதாரணம். பெரும்பாலான லேப்டாப் பயாஸில் அது கிடையவே கிடையாது. நான் வாங்கிய ஸ்டிக்கின் 3200 முழுக்க எக்ஸ்எம்பி பகுதியில் இருந்தது. ஜெடெக் பகுதி 2400-உடன் முடிந்துவிட்டது. சிபியு-இசட் மென்பொருளில் எஸ்பிடி டேபைத் திறந்தபோது இது அப்படியே தெரிந்தது.

மறுநாள் போய் மாற்றிக்கொண்டு வந்தேன். இந்த முறை பெட்டியைப் பார்க்கவில்லை, ஸ்டிக்கின் மேல் ஒட்டியிருக்கும் வெள்ளை லேபிளைப் பார்த்தேன். அதில் ‘8ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி4-3200ஏஏ’ என்று இருந்தது. கடைசியில் வருகிற அந்த ஏஏதான் முக்கியம். ஜெடெக் கணக்கிலேயே 3200, டைமிங் 22-22-22 (முதல் 22தான் சிஎல்) என்று அர்த்தம். பிசி4-2666வி, பிசி4-2400டி என்று இருந்தால் அவை அந்தந்த வேகத்துக்கானவை. சிஎல்22 என்பதற்காகத் தயங்க வேண்டாம். 3200-இல் 22 என்றால் 13.75 நானோ நொடி. 2400-இல் 17 என்றால் 14.2. இறங்கி ஓடும் ரேமில் எண் சிறியது, காத்திருப்பு அதிகம்.

கேமிங் ரேம் எல்லாமே இப்படி என்று சொல்ல மாட்டேன். கிங்ஸ்டன் ஃபியூரி இம்பாக்ட் 3200 போன்றவை 1.2 வோல்ட்டிலேயே, பயாஸைத் தொடாமலே 3200-இல் ஓடும்படி செய்தவை. பயாஸில் எக்ஸ்எம்பி உள்ள கேமிங் லேப்டாப்களும் உண்டு. அதில் சிஎல்16 எவ்வளவு கைகொடுக்கும் என்பதை நான் போட்டுப் பார்த்ததில்லை, அதனால் அதற்கு எதிராக அடித்துப் பேசவில்லை.

அப்புறம், ப்ராசஸரையும் பாருங்கள். ஐ5-8250யூ 2400 வரைதான், ஐ5-10210யூ 2666 வரைதான். அவற்றில் 3200 ஸ்டிக் போட்டால் கெடுதல் இல்லை, ஆனால் வேகம் அதற்கு மேல் ஏறாது.

புது ஸ்டிக்கைப் போட்டு ஆன் செய்ததும் ஒரு நிமிடம்போலத் திரை கறுப்பாகவே இருந்தது. பதறி பவர் பட்டனை அழுத்திவிடாதீர்கள், புது ரேமுக்கு லேப்டாப் தன்னைப் பழக்கிக்கொள்ளும் நேரம் அது. பிறகு விண்டோஸ் வந்தது. டாஸ்க் மேனேஜரில் 3200, ஸ்லாட் 2-இல் 2. சிபியு-இசட்டில் 1600 என்று காட்டியது, டிடிஆர் ரேம் ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தரவைக் கடத்தும் என்பதால் அதை இரண்டால் பெருக்க வேண்டும். முடிந்தால் லேப்டாப்பையே கடைக்கு எடுத்துப் போய், அங்கேயே போட்டு, இந்த 3200-ஐக் கண்ணால் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.