பழைய ரேஸ் பைக்குக்கு 'டெசிபல் சான்றிதழோடு' சைலன்சர் செய்பவர்களிடம் கவனம்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் பழைய டூ ஸ்ட்ரோக் பைக் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ரேஸ் சேம்பருக்கு, அதாவது பந்தய வண்டியின் நடுவில் உப்பிய புகைக்குழாய்க்கு, சைலன்சர் செய்து, சத்தத்தை அளந்து சான்றிதழும் தருகிறோம் என்று நம் பக்கத்துப் பட்டறை ஒன்று சொல்லிக்கொண்டிருக்கிறது. என்னிடம் 18,000 ரூபாய் வாங்கினார்கள். சத்தமும் அடங்கவில்லை, ஒரு சிலிண்டரும் போனது.

வண்டி, என் சித்தப்பா சோழவரம் ஓடுதளத்தில் பந்தயம் ஓட்டிய ராஜ்தூத் 350. யமஹா ஆர்டி 350-ஐ எஸ்கார்ட்ஸ் கம்பெனி 80களில் இங்கே தயாரித்து விற்றதே, அதுதான். 347 சிசி, இரண்டு சிலிண்டர், பக்கத்துக்கு ஒரு எக்ஸ்பான்ஷன் சேம்பர், மேலே சொன்ன அந்த உப்பிய புகைக்குழாய். சித்தப்பா போட்ட சேம்பருக்குப் பின்னால் சைலன்சர் என்று எதுவும் கிடையாது. கானாடுகாத்தானில் எங்கள் தெருவில் அதை முடுக்கினால், இரு பக்கமும் உயர்ந்து நிற்கிற வீட்டுச் சுவர்களில் சத்தம் மோதி மோதித் திரும்பும். எதிர்வீட்டு ஆச்சி இதயத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர். "ஏப்பா, அதை ஊருக்கு வெளிய கொண்டுபோயி முடுக்கப்படாதா?" என்று அவர் கேட்டதில் முழு நியாயம் இருந்தது. அதோடு, கோயம்புத்தூர் பக்கம் பழைய பைக்குகளைப் பந்தய ஓடுதளத்தில் ஓட்டிப் பார்க்க நடந்த டிராக் நாளில் 105 டெசிபலுக்கு மேல் போனால் உள்ளே விடமாட்டோம் என்று அறிவித்திருந்தார்கள். இங்கிலாந்தில் பல டிராக்குகளில் இருக்கிற வரம்பு அது.

பட்டறைக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய வாக்குறுதி இது: "ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஓட்டைக் குழாய், வெளிநாட்டு கிளாஸ் வூல், பவர் ஒரு பொட்டு குறையாது அண்ணே. கவர்மெண்ட் சட்டமே 80 டெசிபல்தான், அதுக்குள்ள கொண்டாந்து தர்றேன்." ஓட்டைக் குழாய் என்றால் சுற்றிலும் துளை போட்ட குழாய். கிளாஸ் வூல், அதைச் சுற்றிப் பொதிந்து சத்தத்தை உறிஞ்சவைக்கும் கண்ணாடி இழைப் பஞ்சு. வண்டியை எடுக்கப் போனபோது, ஆக்சிலரேட்டரைத் திருகாமல் ஐடிலிங்கில் ஓடவிட்டு, மூன்று மீட்டர் தள்ளி நின்று செல்போனில் ஒரு ஆப்பைக் காட்டினார். 79 என்று வந்தது. அதையே அச்சடித்து, முத்திரை குத்திக் கொடுத்தார்.

அந்த 79 எப்படி ஏமாற்று என்பதை விளக்க வேண்டும், ஏனென்றால் அடுத்தவருக்கும் இதே வித்தையைத்தான் காட்டுவார்கள்.

80 டெசிபல் என்பது புதிதாகத் தயாரிக்கும் 175 சிசிக்கு மேற்பட்ட பைக்குக்கான வரம்புதான். ஆனால் அது வண்டி ஓடும்போது ஏழரை மீட்டர் தள்ளி மைக் வைத்து அளப்பது. டிராக்கில் அளப்பது வேறு. வண்டி நிற்கும். மைக்கைப் புகைக்குழாயின் வாயிலிருந்து அரை மீட்டரில், அதே உயரத்தில், 45 டிகிரி சாய்வில் வைப்பார்கள். குழாய்க்கு நேர் பின்னால் வைத்தால் புகை மைக்கில் அடித்து அளவு கெட்டுப்போகும். என்ஜினையும் குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் பிடித்து நிறுத்த வேண்டும். சர்வதேச மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பான எஃப்ஐஎம்மின் விதிகளில் டூ ஸ்ட்ரோக்குக்கு நெடுங்காலம் இருந்த கணக்கு, பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 13 மீட்டர். ஆர்டி 350-ன் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஒரு பக்கம் நகரும் தூரம், 54 மில்லிமீட்டர் என்பதால், அது சுமார் 7,200 ஆர்பிஎம் வரும். ஐடிலிங் எங்கே, 7,200 எங்கே!

தூரமும் சும்மா இல்லை. திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் குறையும். அரை மீட்டரிலிருந்து மூன்று மீட்டருக்கு நகர்ந்தாலே 15 டெசிபலுக்கு மேல் குறைந்துவிடும், சைலன்சரைத் தொடாமலே. 10 டெசிபல் குறைந்தால் காதுக்கு ஏறக்குறைய பாதிச் சத்தமாகத் தெரியும் என்பதை நினைத்துப் பாருங்கள். செல்போன் மைக்கோ மனிதர் பேசுவதற்காகச் செய்தது. பெரிய சத்தம் வந்தால் அது தானாகவே அடக்கிப் பதிவுசெய்யும். அளவு ஒப்பிட்டுச் சரிபார்க்காத எந்தக் கருவியின் எண்ணையும் நான் நம்பமாட்டேன்.

டிராக்கில் முறைப்படி அளந்தார்கள். வலது பக்கம் 109, இடது பக்கம் 108. திருப்பி அனுப்பிவிட்டார்கள். பட்டறைக்காரரிடம் கேட்டால், "அவங்க மீட்டர் ரிப்பேரா இருக்கும்ணே" என்றார்.

அதைவிட மோசமானது அப்புறம் நடந்தது. தேவகோட்டை ரோட்டில் ஓட்டிப் பார்த்தபோது வலது சிலிண்டரில் பிஸ்டன் சீஸ் ஆகி, அதாவது நகராமல் இறுகி, பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. கிளட்சைப் பிடித்ததால் விழாமல் தப்பித்தேன். சைலன்சரைக் கழற்றி அறுத்துப் பார்த்தால், கிளாஸ் வூல் ஒரு துளி இல்லை. பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரைத் திணித்திருக்கிறார்கள், அதிலும் பாதி வெளியே பறந்துவிட்டது. ஓட்டைக் குழாய் ஒரு சாண் கூட இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, சேம்பரின் கடைசியில் இருக்கிற ஒல்லிக் குழாய்க்குள், ஸ்டிங்கர் என்கிறோமே அதற்குள், இன்னொரு குழாயைச் செருகி வெல்டிங் வைத்திருந்தார்கள். 21 மில்லிமீட்டர் இருந்த உள்வாய் 15 ஆகியிருந்தது. பரப்பளவில் பாதி.

டூ ஸ்ட்ரோக்கில் இது உயிரோடு விளையாடுகிற வேலை. சேம்பர் என்பது சத்தம் குறைக்க வைத்ததல்ல. அதன் கூம்புகளில் அழுத்த அலை பட்டுத் திரும்பி வந்து, வெளியே நழுவுகிற பெட்ரோல் கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளும். ஸ்டிங்கரின் அளவுதான் சேம்பருக்குள் எவ்வளவு அழுத்தம் நிற்க வேண்டும் என்று முடிவுசெய்கிறது. அதை அடைத்தால் சூடான புகை வெளியேற வழியில்லாமல் தேங்கும், பிஸ்டன் கொதிக்கும். அலுமினிய பிஸ்டன் இரும்பு லைனரைவிட அதிகமாக விரியும், அங்கேயே இறுகிவிடும்.

இப்போது வேறொருவரிடம் செய்துவிட்டேன். ஸ்டிங்கர் பழைய அளவுக்கே திரும்பியது. அதற்குப் பின்னால் அதே உள்விட்டத்தில் ஓட்டைக் குழாய், சுற்றிலும் நெருக்கமாக கிளாஸ் வூல், வெளியே 300 மில்லிமீட்டர் நீள உறை. உறையை வெல்டிங் வைத்து மூடாமல் ரிவெட் அடித்திருக்கிறோம், ஏனென்றால் டூ ஸ்ட்ரோக் எண்ணெய் ஊறி ஊறி கிளாஸ் வூல் வீணாகும், அவ்வப்போது மாற்றியே ஆக வேண்டும். சேம்பரைப் பிடிக்கிற இடத்தில் ரப்பர் புஷ் போட்டதும் தகரம் அதிர்கிற கணகணப்பும் போனது. வலது சிலிண்டரின் உள்சுவரைக் கடைந்து அகலப்படுத்தி (ரீபோர்), அதற்கேற்ற பெரிய ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டாயிற்று.

கல்லூரி ஆய்வகத்தில் வேலைபார்க்கும் நண்பர் உண்மையான சத்தமானியைக் கொண்டுவந்தார். தண்ணீர் வற்றிக் கிடந்த கண்மாய்க்குள், சுவரோ கட்டடமோ பக்கத்தில் இல்லாத இடத்தில், 94 டெசிபல் கொடுக்கும் கேலிபரேட்டரால் சரிபார்த்துவிட்டு அளந்தோம். வலது 102, இடது 103. இழுவையில் எந்தக் குறையும் தெரியவில்லை. இந்த வேலை முடியாத வேலை இல்லை என்பதுதான் எனக்குக் கூடுதல் கோபம்.

யாரிடம் கொடுத்தாலும் எத்தனை டெசிபல் என்று மட்டும் கேட்காதீர்கள். எந்தத் தூரத்தில், எந்த ஆர்பிஎம்மில், எந்த மீட்டரில் என்று கேளுங்கள். உறையை மூடுவதற்கு முன் உள்ளே இருப்பதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஸ்டிங்கரின் உள்வாயை வெர்னியர் அளவுகோலால் நீங்களே அளந்து எழுதி வைத்துவிட்டு வண்டியை விடுங்கள்.

பட்டறைக்காரர் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். பில்லும் தரவில்லை. ஆனால் யூபிஐ ரசீது, வாட்ஸ்அப் செய்தி, முத்திரை குத்திய அந்தக் காகிதம், அறுத்த சைலன்சர் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தயாராகிறது. 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் கிடையாது, சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். முதலில் பேசிப் பார்க்க நினைப்பவர்களுக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இதே பட்டறையில் சைலன்சர் போட்டவர்கள் இருந்தால், அதை அறுத்துப் பார்க்கும்வரை வண்டியை வேகமாக ஓட்ட வேண்டாம்.