முற்றத்து அழிக்கம்பி: பவுடர் கோட்டிங் போட்டு ஏழு மழைக்காலம்

பள்ளத்தூரில் எங்கள் வீட்டு வளவு முற்றத்துக்கு மேலே, குரங்கு இறங்காமல் இருக்க இரும்பு அழிக்கம்பி போட்டிருக்கிறோம். மழை பெய்தால் நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் அந்த முற்றத்தில்தான் விழும். அண்டாவில் பிடித்தது போக மிச்சம் வாறுகால் வழியாக ஊருணிப் பக்கம் போய்விடும்.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பொங்கலுக்கு முன்னால் அந்தக் கம்பிக்கு எனாமல் அடிப்போம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பழைய பெயின்ட் பொடிப்பொடியாக முற்றத்துக் கல்லில் உதிரும். பிரஷ்ஷைத் தின்னரில் கழுவி அதே வாறுகாலில் ஊற்றுவார்கள்; நானும் ஊற்றியிருக்கிறேன். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதியே நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு அடித்த பூச்சுகளை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. அந்தத் தூள் விழுந்த முற்றத்தில்தான் அப்பத்தா வடகம் காயவைப்பார்.

2018 ஆனியில் கம்பியை மாற்றியபோது பவுடர் கோட்டிங், அதாவது பொடியை அடித்து அடுப்பில் உருக்கிப் பிடிக்கவைக்கும் பூச்சு, போட்டுவிட்டோம். பட்டறை அடுப்பின் நீளத்துக்கு ஏற்ப நாலு துண்டாகச் செய்யவேண்டி வந்தது. கூடவே நின்று பார்த்தேன். கோலமாவு மாதிரி உலர்ந்த பொடி. பொடி அடிக்கும் துப்பாக்கி அதற்கு மின்னூட்டம் கொடுத்துத் தள்ளுகிறது. எர்த் கொடுத்த கம்பியைச் சுற்றிக்கொண்டு போய்ப் பின்பக்கத்திலும் ஒட்டுகிறது. பிறகு 200 டிகிரி பக்கம் அடுப்பில் வைத்தால் உருகிப் பிடித்துக்கொள்கிறது. கரைப்பான் கிடையாது. எனாமலில் காயும்போது காற்றில் கலந்து மூக்கை எரிக்கிறதே, அந்த ஆவிதான் வெயிலில் வண்டிப் புகையோடு சேர்ந்து, நாம் மூச்சு விடும் காற்றைக் கெடுக்கும் ஓசோனை உண்டாக்குகிறது. இதில் அது அநேகமாக இல்லை.

ஒட்டாமல் கீழே விழுந்த பொடியை அள்ளித் திரும்பவும் அடிக்கலாம். ஆனால் ஒரே நிறம் ஓடினால்தான் அது நடக்கும். நிறம் மாறிக்கொண்டே இருந்தால் கலந்த பொடி குப்பைக்குத்தான். அதனால் பட்டறையில் கறுப்பு ஓடும் நாளைக் கேட்டு, நாங்களும் கறுப்பே போட்டோம். வெயிலில் நிற்கும் இரும்புக்குப் பாலியஸ்டர் பொடி கேளுங்கள். எபாக்சி என்றால் வெளுத்து மாவாகிவிடும்.

இதிலும் குறை உண்டு. அடுப்புக்கு எரிபொருள் வேண்டும். பூசுவதற்கு முன் இரும்பை எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவி பாஸ்பேட் தொட்டியில் முக்குகிறார்கள். அந்தத் தண்ணீரைச் சுத்தம் பண்ணாமல் திறந்துவிடுகிற பட்டறை என்றால், நம் வாறுகால் தப்பித்து இன்னொரு ஊர் ஊருணி கெடும். வேலை கொடுக்கும் முன் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டுவிடுங்கள். நிலைக்கதவுகளை இதில் சேர்க்கவே முடியாது. தேக்கு அந்தச் சூட்டைத் தாங்காது, அதற்கு எண்ணெய்தான்.

ஏழு மழைக்காலத்தில் கம்பியின் நடுப்பகுதி எங்கும் துருவில்லை. வெல்டிங் பிடித்த உள்மூலை இரண்டில் மட்டும் நாலாவது வருடம் துரு எட்டிப்பார்த்தது. இடுக்கான மூலைக்குள் பொடி சரியாக இறங்காது, மின்புலம் அப்படி. பூச்சு முடிந்ததும் டார்ச் அடித்து அந்த மூலைகளைப் பார்த்திருக்கவேண்டும். திரும்பப் பட்டறைக்குக் கொண்டுபோகாமல், கீழே சாக்கை விரித்து, துருவைச் சுரண்டி, ப்ரைமரும் எனாமலும் தொட்டு வைத்தேன். அதற்கு வாங்கிய கால் லிட்டர் டப்பா இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது.